நான்கு நிமிடம் பேச்சு, ஆறு நிமிடம் கேள்வி

அமெரிக்காவில் நம்மவர் வீட்டுப் பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போனதும் போட்டிகளின் பட்டியல் வந்துவிடும். ஸ்பெல்லிங் பீ, மேத்கவுண்ட்ஸ், சயின்ஸ் ஒலிம்பியாட், ரோபோட்டிக்ஸ், அப்புறம் செஸ். எங்கள் ஊர் வாட்ஸாப் குழுவில் காலையில் யாராவது கணக்குக்கு கோச்சிங் கேட்டால் சாயங்காலத்துக்குள் நாலு பேருடைய போன் நம்பர் வந்து விழும். குடிமையியலுக்கும் ஒரு போட்டி இருக்கிறது, அது மிடில் ஸ்கூல் பிள்ளைகளுக்கும் நடக்கிறது என்று அந்தக் குழுவில் ஒருவரும் எழுதி நான் பார்த்ததில்லை. என் மகள் எட்டாம் வகுப்பில் அதில் கலந்துகொண்டாள். நாம் பிள்ளைகளை அனுப்புகிற எல்லாப் போட்டிகளிலும் இதுதான் மேலானது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போட்டியின் பெயர் 'வீ த பீப்பிள்'. அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் மூன்று சொற்கள். 1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட சாசனத்துக்கு 200 வருஷம் ஆனதையொட்டி 1987இல் தொடங்கிய திட்டம் இது. கலிபோர்னியாவில் இருக்கும் சென்டர் ஃபார் சிவிக் எஜுகேஷன் என்ற அமைப்பு பாடப்புத்தகம் தயாரிக்கிறது, தேசிய அளவிலான போட்டியையும் நடத்துகிறது. மாநிலங்களில் வேறு வேறு அமைப்புகள் பொறுப்பெடுத்துக்கொள்கின்றன. நாங்கள் இருக்கும் இந்தியானாவில் வழக்கறிஞர்களின் அறக்கட்டளையான இந்தியானா பார் ஃபவுண்டேஷன் நடத்துகிறது.

போட்டி நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், விஷயமே அதில்தான் இருக்கிறது. அமெரிக்க காங்கிரஸின் ஒரு குழு நிபுணர்களைக் கூப்பிட்டு விசாரிக்கும் இல்லையா, அந்த மாதிரி ஒரு விசாரணையைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடத்துகிறார்கள். முழு வகுப்பும் கலந்துகொள்கிறது. பாடப்புத்தகத்தின் அலகுகளை வைத்து வகுப்பைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு குழு சாசனத்துக்குப் பின்னால் இருக்கும் சிந்தனைகள், இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை போட்ட 1215இன் மாக்னா கார்ட்டா, ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் என்று படிக்கும். இன்னொன்று பிலடெல்பியாவில் கூடிய 55 பேர் எதற்காகச் சண்டை போட்டார்கள், அதில் 39 பேர்தானே கையெழுத்துப் போட்டார்கள் என்று படிக்கும். இன்னொன்று அடிப்படை உரிமைகள். ஒவ்வொரு குழுவும் தன் முறை வரும்போது மூன்று நடுவர்களுக்கு எதிரே மேஜையில் வரிசையாக உட்கார வேண்டும். கேள்விகளை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். தயாரித்துக்கொண்டு வந்த பதிலை நான்கு நிமிடத்தில் வாசிக்கலாம். அது முடிந்ததும் குறிப்புத் தாள்களை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அடுத்த ஆறு நிமிடம் நடுவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்பார்கள்.

அந்த ஆறு நிமிடத்துக்குக் கோச்சிங் கிடையாது. இருந்தாலும் பெரிதாக உதவாது. மதிப்பெண் போடுவதற்கு ஆறு அளவுகோல்கள் இருக்கின்றன. விஷயம் புரிந்திருக்கிறதா, சாசனத்தோடு பொருத்திப் பேசுகிறார்களா, தர்க்கம் சரியா, சான்று இருக்கிறதா, கேட்ட கேள்விக்குத்தான் பதில் வந்ததா, குழுவில் எல்லாரும் பேசினார்களா. கடைசி இரண்டையும் கவனியுங்கள். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டுப் போனால் குழுவுக்கு மதிப்பெண் குறையும். பக்கத்தில் இருப்பவன் பேசத் தயங்கினால் அவனுக்கு இடம் விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும். நம் வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு, குறிப்பாக 'நீ முதல்ல வா, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, இதைக் கற்றுக்கொடுக்க வேறு எந்தப் போட்டி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மகளுடைய குழுவுக்கு வந்தது பேச்சுரிமை. அதில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கட்டிப்போடுகிற வழக்கு ஒன்று இருக்கிறது. 1965 டிசம்பரில் ஐயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகரத்தில் மேரி பெத் டிங்கர் என்ற 13 வயதுப் பெண் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காகக் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். அவளும் எட்டாம் வகுப்புதான். பள்ளி அவளை சஸ்பெண்ட் செய்தது. அவளுடைய அண்ணனையும் இன்னொரு மாணவனையும் கூட. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1969இல் 7க்கு 2 என்று பிள்ளைகள் பக்கம் தீர்ப்பானது. மாணவர்கள் பள்ளி வாசலிலேயே தங்கள் உரிமையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவதில்லை என்று நீதிபதி ஏப் ஃபோர்டஸ் எழுதினார். ஆனால் அதே தீர்ப்பு ஒரு எல்லையும் போட்டது. பள்ளியின் வேலையைப் பெரிய அளவில் குலைத்தால் தடுக்கலாம்.

இது வரைக்கும் எந்தப் புத்தகத்திலும் படித்துவிடலாம். ஒத்திகைக்கு வந்த உள்ளூர் வக்கீல் ஒருவர் இங்கிருந்துதான் ஆரம்பித்தார். "குலைத்தால் தடுக்கலாம் என்கிறீர்கள். ஒரு மாணவி அமைதியாகத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அது பிடிக்காத பத்து பேர் எழுந்து கத்துகிறார்கள். இப்போது குலைத்தது யார்?" மேஜையில் நான்கு பிள்ளைகள். கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் பல்லுக்குப் பிரேஸ் போட்ட ஒரு பையன் கத்தியவர்கள்தான் என்றான். வக்கீல் விடவில்லை. "சரி, தலைமையாசிரியர் கத்துகிற பத்து பேரை அனுப்புவாரா, துணி கட்டிய ஒருத்தியை அனுப்புவாரா? எது அவருக்குச் சுலபம்?" என் மகள், "சுலபமானது அவளை அனுப்புவது, அதனால்தான் சட்டம் அவள் பக்கம் இருக்க வேண்டும்" என்றாள். உடனே அவள் பக்கத்தில் இருந்த பெண், "எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை, அடிதடி ஆகிவிடும் என்று தெரிந்தால் முதலில் எல்லாரையும் காப்பாற்றத்தானே வேண்டும்" என்றாள். ஒரே குழு, நடுவர் முன்னால், மரியாதையாக, இரண்டு கருத்து. வக்கீல் சந்தோஷமாகத் தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார். பெற்றோர் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் மாறுபட்டுப் பேசியது தப்பாகிவிடுமோ என்று எங்களில் சிலருக்குப் படபடப்பு. அவர்களுடைய ஆசிரியை திரும்பி, காரணம் சொல்லி மாறுபடலாம், அதற்கு மதிப்பெண் உண்டு என்றார்.

டிங்கரோடு நிற்பதில்லை. பள்ளிக்கு வெளியே, வார இறுதியில், சொந்தப் போனில் பிள்ளைகள் போடும் பதிவுக்கும் பள்ளி தண்டிக்கலாமா? பென்சில்வேனியாவில் பள்ளியின் முதன்மை சியர்லீடிங் குழுவில் இடம் கிடைக்காத 14 வயதுப் பெண் ஸ்னாப்சாட்டில் கெட்ட வார்த்தையில் திட்டிப் போட்ட பதிவுக்கு 2021இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்று அவளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. இந்த வழக்கைப் படிக்கும்போது எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதங்களை எழுத ஆரம்பித்தால் தனிப் பதிவாகிவிடும். போன் விஷயத்தில் அம்மா போடும் விதிகளுக்குச் சாசனத்தில் இடம் இருக்கிறதா என்று மகள் கேட்டாள். சாசனம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தைத்தான், அம்மாவை இல்லை என்று அவளே புத்தகத்தைப் பார்த்துச் சொன்னதில் எனக்குப் பெரிய நிம்மதி.

அந்தச் சமயத்தில் என் அப்பா தென்காசியிலிருந்து வந்திருந்தார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேத்தி என்ன படிக்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். அவள் இங்கிலீஷும் தமிழுமாகக் கலந்து விளக்குவாள். ஒரு நாள் கேட்டார், "ஏம்மா, கோர்ட்டு சொல்லிட்டா அது சரின்னு ஆயிடுமா?"

"இல்ல தாத்தா. கொடிக்கு சல்யூட் அடிக்கணுமா வேண்டாமான்னு ஒரு கேஸ். 1940ல அடிச்சுத்தான் ஆகணும்னு சொன்னாங்க. 1943ல அவங்களே மாத்திட்டாங்க."

"அப்ப அந்த மூணு வருஷம் ஸ்கூலை விட்டு அனுப்பின புள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

அவளிடம் பதில் இல்லை. அது நடந்த கதைதான். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கொடிக்கு வணக்கம் செலுத்துவதைத் தங்கள் மதநம்பிக்கைக்கு எதிரானது என்று மறுத்தார்கள். 1940 தீர்ப்புக்குப் பிறகு பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள், பல ஊர்களில் அந்தக் குடும்பங்களைத் தாக்கவும் செய்தார்கள். தாத்தாவின் கேள்வியை அவள் மறுநாள் வகுப்புக்குக் கொண்டுபோனாள். அங்கே பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து, நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பை எப்போது மாற்றலாம், மாற்றிக்கொண்டே இருந்தால் சட்டத்தை யார் நம்புவார்கள், மாற்றாமலே இருந்தால் 1954இல் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி கூடாது என்ற தீர்ப்பே வந்திருக்காதே என்று அந்த வகுப்பு முழுக்க வாதாடினார்களாம். அவர்களுடைய ஆசிரியை எதற்கும் நேராகப் பதில் சொல்வதில்லை. 'அதை எங்கே படித்தாய்?' என்பார், இல்லாவிட்டால் 'இதற்கு எதிர்ப்பக்கம் என்ன சொல்லும்?' என்பார். இந்த இரண்டு கேள்விகளும் இப்போது எங்கள் சாப்பாட்டு மேஜைக்கும் வந்துவிட்டன.

அந்த 1943 தீர்ப்புக்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. 1985இல் கேரளத்தில் இதே பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடும்போது எழுந்து மரியாதையாக நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி நீக்கியது. கேரள உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அந்தத் தீர்ப்பில் அமெரிக்காவின் 1943 தீர்ப்பையும் எடுத்துக் காட்டியிருக்கிறார். நம் மரபு சகிப்புத்தன்மையைக் கற்றுத்தருகிறது, நம் சாசனம் அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நாம் நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம் என்று முடித்திருக்கிறார். இதை மகளிடம் சொன்னபோது அவளுக்கு நம்ப முடியவில்லை. நானும் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பில் குடிமையியல் படித்தவள்தான். லோக்சபா உறுப்பினர் எண்ணிக்கை, குடியரசுத் தலைவருக்குக் குறைந்தபட்ச வயது 35, இதெல்லாம் இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இப்படி ஒரு வழக்கு நடந்தது, அதில் வந்த பிள்ளைகள் கிட்டத்தட்ட என் வயதுக்காரர்கள் என்று அப்போது வகுப்பில் ஒருவர் சொல்லியிருந்தால் அந்தப் பாடம் எனக்கு எவ்வளவு பிடித்திருக்கும்!

அடுத்து எழுதப்போவது நம் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமானது. என் மகள் இங்கே பிறந்ததால் அமெரிக்கக் குடிமகள். நானும் அவள் அப்பாவும் எச்-1பி விசாவில் வந்து இன்னமும் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். இந்த நிலைமையில் எத்தனை ஆயிரம் தமிழ்க் குடும்பங்கள்! இந்த மண்ணில் பிறந்தவர்கள் குடிமக்கள் என்று சொல்வது 1868இல் வந்த 14ஆவது திருத்தம். அடிமைகளாக இருந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் குடிமக்களே அல்ல என்று 1857இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ட்ரெட் ஸ்காட் தீர்ப்பை, ஓர் உள்நாட்டுப் போருக்குப் பிறகு துடைத்தெறிந்த திருத்தம் அது. சரி, வெளிநாட்டவருக்குப் பிறந்த பிள்ளைக்கும் பொருந்துமா? சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர், சீனாவுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது உள்ளே விட மறுத்தார்கள். அவர் வழக்காடி 1898இல் ஜெயித்தார். அதனால்தான் நம் பிள்ளைகளுக்கு இங்கே பாஸ்போர்ட். எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

2025 ஜனவரியில், தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இனி இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடையாது என்று அதிபரின் ஆணை வந்ததும், நம் வாட்ஸாப் குழுக்களில் ஒரே பதற்றம், வதந்தி. நீதிமன்றங்கள் உடனே அதைத் தடுத்தன. ஏற்கெனவே பிறந்த பிள்ளைகளை அந்த ஆணை தொடவில்லை என்பதுகூடப் பலருக்குத் தெரியாமல் பயந்து கிடந்தார்கள். பேச்சு வரும்போதெல்லாம் அதை எங்களுக்குப் பொறுமையாக விளக்கியது இந்தப் பிள்ளைகள்தான். திருத்தத்தில் 'அதன் அதிகார வரம்புக்கு உட்பட்டு' என்று ஒரு தொடர் இருக்கிறது, சண்டையே அதைப் பற்றித்தான், எதிர்ப்பக்கம் இப்படி வாதாடுகிறது, இவர்கள் இப்படி என்று பதின்மூன்று வயதில் நிதானமாகச் சொல்கிறார்கள். பயத்தில் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள் அமைதியாகக் கேட்டோம்.

அவள் எழுதிய குறிப்புகளிலேயே பகத் சிங் திந்தின் கதையும் இருந்தது. பஞ்சாபிலிருந்து வந்தவர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அவர் வெள்ளையர் இல்லை, அதனால் குடியுரிமை தர முடியாது என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் பறித்தார்கள். இந்தியர்கள் குடியுரிமை பெற வழி திறந்தது 1946இல்தான். இங்கே நமக்குக் கிடைத்திருப்பதெல்லாம் படிப்பாலும் உழைப்பாலும் மட்டும் வந்தது என்று நம் ஆட்கள் பேசும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும். நமக்கு முன்னால் யாரோ கோர்ட்டுப் படி ஏறித் தோற்றிருக்கிறார்கள், யாரோ ஜெயித்திருக்கிறார்கள்.

'அரசியல் எதுக்கு, படிக்கிற புள்ளைக்கு' என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை, அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். விசாவில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் பத்திரம் என்று நாமே நமக்குச் சொல்லிக்கொண்டு இருக்கிறோம். ஆனால் இந்தப் போட்டியில் கட்சி கிடையாது. யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. நம் பிள்ளைகள் பதினெட்டு வயதில் இங்கே ஓட்டுப் போடுவார்கள், நாம் போட முடிகிறதோ இல்லையோ. அதற்கு முன்னால் அவர்கள் இதைப் படித்துவிட வேண்டாமா?

பெரிய குறை ஒன்று இருக்கிறது. இது எல்லாப் பிள்ளைக்கும் கிடைப்பதில்லை. ஈடுபாடுள்ள ஓர் ஆசிரியர் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நாங்கள் முன்பு இருந்த ஊரின் பள்ளியில் இப்படி ஒன்று இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. 2011இல் மத்திய அரசு இந்தத் திட்டத்துக்குக் கொடுத்துவந்த நிதியை நிறுத்தியது, அது பல இடங்களில் அடியோடு பாதித்தது. 2022இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடந்த தேசியக் குடிமையியல் மதிப்பீட்டில் 'தேர்ச்சி' என்ற நிலையைத் தொட்டவர்கள் 22 சதவீதம்தான், 1998இலிருந்து பார்த்தால் சராசரி மதிப்பெண் இறங்கியதும் அதுவே முதல் முறை. இந்தியானா 2021இல் சட்டம் போட்டு மிடில் ஸ்கூலில் ஒரு பருவம் குடிமையியலைக் கட்டாயமாக்கியது. நல்ல விஷயம். ஆனால் பாடமாக மட்டும் வைத்தால் மறுபடியும் மனப்பாடம்தான் ஆகும் என்பது என் பயம். எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்து 'ஏன்?' என்று கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்கிற அந்த ஆறு நிமிடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.

மகளுடைய பள்ளிக்கு மாநில அளவில் முதலிடம் கிடைக்கவில்லை. அழுத பிள்ளைகளும் உண்டு. ஆனால் முடிந்ததும் நடுவர்கள் ஒவ்வொரு குழுவிடமும் எது நன்றாக இருந்தது, எந்த இடத்தில் வாதம் தளர்ந்தது என்று நேராகப் பேசினார்கள். ஒரு நடுவர் மகளுடைய குழுவிடம், நீங்கள் ஒருவரையொருவர் மறுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் மறுத்த பிறகு சான்றுக்குப் போகாமல் உணர்ச்சியில் நின்றுவிட்டீர்கள் என்றார். காரில் திரும்பி வரும்போது அவள் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

உங்கள் பிள்ளை ஆறிலிருந்து எட்டுக்குள் இருந்தால், பள்ளி திறக்கும் வாரத்திலேயே சோஷியல் ஸ்டடீஸ் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு இந்தத் திட்டம் உங்கள் பள்ளியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், உங்கள் மாநிலத்தில் யார் நடத்துகிறார்கள் என்று தேடி அந்த விவரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஆசிரியர்களுக்கு வேலைப்பளு அதிகம், தேடும் வேலையை நாம் செய்துகொடுத்தால் பாதி தூரம் வந்த மாதிரி. ஒத்திகைக்கு நடுவராக உட்காரப் பெரியவர்கள் எப்போதும் வேண்டும். அதற்குக் குடியுரிமை தேவையில்லை, சட்டம் படித்திருக்கவும் வேண்டாம், பிள்ளைகளின் நான்கு நிமிடப் பேச்சைக் கவனமாகக் கேட்டு உண்மையாகவே புரியாததைக் கேட்டால் போதும். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள், கேள்விகளைத் தமிழிலேயே கேட்கச் சொல்லுங்கள். எங்கள் வட்டாரத்தில் யாருக்காவது ஒத்திகைக்கு ஆள் தேவைப்பட்டால் எனக்கு எழுதுங்கள், சனிக்கிழமைகளில் வர முடியும்.